பெருங்களத்தூர் ரோவர்: ஸ்டாண்டர்ட் 2000 ஏன் மூன்றே வருஷத்தில் நின்றது?

பழைய கார்களைப் பற்றிப் பேசுகிற நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால், எப்படியும் ஸ்டாண்டர்ட் 2000 பேச்சு வந்துவிடும். வந்த உடனே யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "ரோவர் உடம்புல டிராக்டர் எஞ்சின் வெச்சாங்க, எப்படி ஓடும்?" எல்லாரும் சிரிப்போம். பேச்சு அதோடு மாருதிக்குத் தாவிவிடும்.

அந்த வாக்கியத்தில் தப்பு இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. அந்த எஞ்சின் டிராக்டரில் இருந்தது உண்மை. அதே எஞ்சின் ராலி ஜெயித்த ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அது மட்டமான எஞ்சின் இல்லை. அப்புறம் ஏன் அந்தக் கார் 1985-இல் வந்து 1988-இல் காணாமல் போனது? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை நடந்த இடம் நன்றாகவே தெரியும், தெரியாமலே தெரியும். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போனால் செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி, தாம்பரத்துக்கு முன்னால் பெருங்களத்தூர் வரும். முன்பெல்லாம் சென்னை பஸ்ஸில் பாதிப் பேர் அங்கேயே இறங்கிவிடுவார்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் இன்று ஸ்ரீராம் கேட்வே என்று கண்ணாடி முகப்போடு ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன அல்லவா, அந்த மண்ணில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா லிமிடெட் இருந்தது. தமிழ்நாட்டில் கார் செய்வது என்றாலே இன்று ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும்தான் நினைவுக்கு வரும். ஹூண்டாய் வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே, ஐம்பதுகளிலேயே, பெருங்களத்தூரில் கார் வந்துகொண்டிருந்தது.

பெயரில் இருந்து ஆரம்பிக்கலாம்

1903-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ரெஜினால்ட் மாட்ஸ்லே என்பவர் ஒரு கார் கம்பெனி தொடங்கினார். "ஸ்டாண்டர்ட்" என்று பெயர் வைத்தார். தரத்துக்கு ஒரு அளவுகோல் என்ற அர்த்தத்தில். காலப்போக்கில் கார் விற்பனை உலகத்தில் அந்த வார்த்தையின் அர்த்தம் கீழே இறங்கிவிட்டது. டீலக்ஸ் என்றால் நல்ல மாடல், ஸ்டாண்டர்ட் என்றால் ஒன்றுமே இல்லாத மாடல் என்று ஆனது. அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு எப்படிக் கார் விற்பது? 1945-இல் அவர்கள் ட்ரையம்ஃப் கம்பெனியை வாங்கியிருந்தார்கள். அந்தப் பெயருக்கு மவுசு இருந்தது. மெல்ல எல்லாக் காருக்கும் ட்ரையம்ஃப் பெயர் போட ஆரம்பித்தார்கள். 1963-இல் பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வருவதே நின்றுவிட்டது.

நம்ம ஊரில் கதை வேறு. இங்கே இன்னும் "ஆள் கொஞ்சம் ஸ்டாண்டர்டு" என்றால் மரியாதையாகத்தான் சொல்கிறோம். மாட்ஸ்லே 1903-இல் நினைத்த அர்த்தம் தமிழில்தான் மிச்சம் இருக்கிறது. அதேபோல அந்தப் பெயர் போட்ட காரும், பிறந்த நாட்டில் செத்த பிறகு 25 வருஷம் மெட்ராஸில் உயிரோடு இருந்தது.

மெட்ராஸ் கம்பெனி 1948-இல் ஆரம்பம். யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற உள்ளூர் நிறுவனமும் கோவென்ட்ரிக்காரர்களும் சேர்ந்து தொடங்கியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே முதலில் பூட்டியது வான்கார்ட் என்ற பெரிய கார். அதே காலத்தில் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது: வெறுமனே பெட்டியில் வருவதைப் பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம், படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்யத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இருக்கலாம். பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. ஃபோர்டும் போனது. கார் செய்பவர்கள் என்று கடைசியில் மிஞ்சியது மூன்று பேர்: கல்கத்தாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட்.

1961-இல் ஹெரால்ட் வந்தது. தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் டாக்டர், வக்கீல் வீட்டு வாசலில் நின்ற கார் என்று நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். இத்தாலிக்காரர் ஜோவானி மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும், மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். திரும்புவதற்கு 25 அடி போதும். பிரிட்டனில் இரண்டு கதவுதான். நாலு கதவு வைத்த ஹெரால்ட் பெருங்களத்தூரில் மட்டும்தான் செய்தார்கள். அப்புறம் 1972-இல் கஸெல் என்ற பெயரில் அதையே கொஞ்சம் மாற்றி விட்டார்கள். 1977-இல் அதுவும் நின்றது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் கம்பெனி கார் செய்யவில்லை. ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பிரிட்டனில் நிறுத்திவிட்ட ஒரு வேனின் அச்சுகளை இங்கே கொண்டுவந்து செய்ததுதான். இந்த வேனை மறக்காதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சோலிஹல்லில் வரைந்த கார்

இப்போது கொஞ்ச நேரம் பிரிட்டன் பக்கம் போவோம். லேலண்ட் என்ற லாரி கம்பெனி 1961-இல் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃபை வாங்கியது. 1967-இல் ரோவரையும் சேர்த்துக்கொண்டது. 1968-இல் இன்னும் பல கம்பெனிகள் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பூதம் உருவானது. அதில் ரோவர், ட்ரையம்ஃப் மாதிரி மேல்தட்டு கார்களுக்கு ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். ஸ்பெஷலிஸ்ட் டிவிஷன். அந்தப் பிரிவின் முதல் வேலை என்பதால் புதுக் காருக்கு எஸ்.டி.1 என்று பெயர்.

ரோவர் என்றால் பிரிட்டனில் டாக்டர்களும் வங்கி மேனேஜர்களும் வாங்குகிற கார். ரோல்ஸ் ராய்ஸ் அளவுக்குப் பகட்டு இல்லை, ஆனால் அந்தஸ்து உண்டு. எஸ்.டி.1-ஐ வரைந்தவர் டேவிட் பாச்சே. எஞ்சினியரிங் பொறுப்பு ஸ்பென் கிங். ரேஞ்ச் ரோவரை உருவாக்கிய அதே ஸ்பென் கிங். பாச்சே அந்தக் கால ஃபெராரி டேட்டோனாவைப் பார்த்துச் சொக்கிப்போனவர். கூர்மையான மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, டிக்கிக்குப் பதிலாக முழுசாகத் தூக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு. ஐந்து பேர் உட்காரும் குடும்பக் காருக்கு அப்படி ஒரு உருவம் 1976-இல் புதுசு. 1977-ஆம் வருஷத்துக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குத்தான் கிடைத்தது.

எஞ்சினியரிங்கில் ஒரு சுவாரசியம். அதற்கு முந்தைய ரோவரான பி6, சஸ்பென்ஷனில் ஏகப்பட்ட வித்தை காட்டிய கார். ஸ்பென் கிங் இதில் எல்லாவற்றையும் எளிமையாக்கினார். பின்பக்கம் சாதாரண ஒரே தண்டு ஆக்ஸில்; ஆனால் அது இடம் வலம் ஆடாமல் இருக்க ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குக் கண்டுபிடித்த இணைப்பு முறையைப் போட்டார். பின்பக்கம் டிரம் பிரேக்தான். டேஷ்போர்டில் பயணி பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். இடது கை ஓட்டுநர் நாடுகளுக்கு அனுப்பும்போது அதே துவாரம் வழியாக ஸ்டியரிங் தண்டை விட்டுவிடலாம். டேஷ்போர்டு மாற்ற வேண்டாம். செலவைக் குறைக்க எடுத்த முடிவு, பார்ப்பவர்களுக்கு அழகாகத் தெரிந்தது. நல்ல டிசைனுக்கு இதுதான் அடையாளம் என்று நினைக்கிறேன்.

காரின் உயிர் அதன் வி8 எஞ்சின். 3528 சிசி, 155 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டர் தொடும். ஆனால் இந்த எஞ்சின் ரோவருடையது இல்லை! அமெரிக்காவின் ப்யூக் கம்பெனி 1961 மாடல் கார்களுக்காகச் செய்த அலுமினிய எஞ்சின். வார்ப்பதில் தொல்லை, செலவு அதிகம் என்று 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைக் கைகழுவியது. ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்கா போயிருந்தபோது, மெர்க்குரி மரைன் என்ற படகு எஞ்சின் கம்பெனியின் பட்டறையில் அது கண்ணில் பட்டது. அளவெடுத்துப் பார்த்தார்கள், ரோவருக்குள் உட்காரும் என்று தெரிந்தது. 1965-இல் உரிமையை வாங்கிவிட்டார்கள். ப்யூக் தூக்கிப் போட்ட எஞ்சினை வைத்து ரோவர் ஏறத்தாழ நாற்பது வருஷம் பிழைத்தது.

இந்த விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜா வீட்டுக் கார் என்று நினைக்கும் ரோவருக்கே இதயம் இரவல்தான்.

பெருங்களத்தூருக்கு வந்தது என்ன?

எண்பதுகளின் தொடக்கத்தில் எஸ்.டி.1-க்கு வயதாகிவிட்டது. துரு, வேலைநிறுத்தம், தரக் கோளாறு என்று பெயரும் கெட்டிருந்தது. அந்தக் காருக்காகவே கட்டிய சோலிஹல் ஆலையை மூடி, உற்பத்தியைக் கௌலிக்கு மாற்றியிருந்தார்கள். 1986-இல் பிரிட்டனில் அது நின்றது. அதற்குள் பெருங்களத்தூரில் அதே கார் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் வெளிவர ஆரம்பித்துவிட்டது.

இந்தியாவிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. அரசாங்கம் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. பழைய கம்பெனிகள் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி யோசித்தன: சின்னக் காரில் மாருதியோடு மோத முடியாது, அம்பாசடருக்கு மேலே ஒரு சொகுசுக் கார் விடுவோம். கல்கத்தா 1984-இல் கான்டெஸா விட்டது. அது பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பு. பம்பாய் 1985-இல் 118 என்.இ. விட்டது. அது ஃபியட் 124 உடம்பு. மெட்ராஸ் ரோவர் உடம்பு. மூன்றுமே ஐரோப்பா கழற்றிப் போட்ட சட்டைகள். மூன்றிலும் அழகானது எது என்று கேட்டால், நான் மெட்ராஸ்காரன் பக்கம்தான்.

அந்தக் கார் எவ்வளவு பெரியது தெரியுமா? அம்பாசடரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2464 மி.மீ. எஸ்.டி.1-க்கு 2815 மி.மீ. ஒரு அடிக்கும் மேல் வித்தியாசம். நீளம் கிட்டத்தட்ட நாலே முக்கால் மீட்டர். நம்ம ரோட்டுக்காக உடம்பைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினார்கள்.

வி8 எஞ்சின் வரவில்லை. வரவும் முடியாது. அந்த எஞ்சின் குடிக்கிற பெட்ரோலுக்கு அன்றைய இந்தியாவில் யார் காசு கட்டுவது? இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வேறு. அதற்குப் பதிலாக உள்ளே வைத்தது 1991 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின். வேனை மறக்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? வான்கார்ட் காரில் வந்து, வேனில் தொடர்ந்து, பெருங்களத்தூரில் ஆள்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்ட அதே எஞ்சின் குடும்பம்.

அந்த எஞ்சின் என்ன அவ்வளவு மோசமா?

இந்த எஞ்சின் நாற்பதுகளில் கோவென்ட்ரியில் வடிவமைத்தது. அதில் வெட் லைனர் என்று ஒரு அமைப்பு. சாதாரண எஞ்சினில் சிலிண்டர் என்பது இரும்புப் பிளாக்கிலேயே குடைந்த ஓட்டை. தேய்ந்தால் பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய்ப் போர் அடிக்க வேண்டும். இதில் சிலிண்டர் தனியாக ஒரு குழாய். பிளாக்குக்குள் இறக்கி உட்கார வைத்துவிடுவார்கள். குளிர்விக்கும் தண்ணீர் நேராக அந்தக் குழாயின் மேலேயே ஓடும். தேய்ந்துபோனால் பழைய குழாயையும் பிஸ்டனையும் உருவி எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் போதும். லேத் பட்டறையே இல்லாத கிராமத்திலும் எஞ்சினைப் புதுப்பித்துவிடலாம்.

இதில் இன்னொரு சௌகரியம். குழாயின் அகலத்தை மாற்றினால் எஞ்சினின் கொள்ளளவே மாறிவிடும். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் எல்லாவற்றிலும் 92 மி.மீ.தான். குழாய் அகலம் 80 மி.மீ. என்றால் 1850 சிசி. 83 என்றால் 1991. 85 என்றால் 2088. 86 என்றால் 2138. என் தொழில் பாஷையில் சொன்னால், கோட் ஒன்றுதான், கான்ஃபிகரேஷன் மட்டும் வேறு.

80-உம் 85-உம் ஃபெர்குசன் டிராக்டருக்குப் போனது. 85 வான்கார்ட் காருக்கும் போனது. ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர் உலகம் முழுக்க ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த டிராக்டர்களில்தான். ஆக, "டிராக்டர் எஞ்சின்" என்பது உண்மை.

83 மி.மீ. குழாய் எங்கே போனது? ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு. இரண்டு லிட்டருக்குள் இருந்தால் ஒரு பந்தயப் பிரிவில் சேரலாம் என்பதற்காக 1991-ஆகக் குறைத்தார்கள். 1953 மே மாதம், காற்றைக் கிழிக்கச் சில மாற்றங்கள் செய்த ஒரு டி.ஆர்.2 பெல்ஜியத்தின் ஜப்பேக் நெடுஞ்சாலையில் மணிக்கு 124 மைல், அதாவது 200 கிலோமீட்டரைத் தொட்டது. 1954-இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை ஜெயித்தது டி.ஆர்.2. ஸ்டாண்டர்ட் 2000-க்குள் இருந்தது இந்த 1991 சிசி அளவுதான்.

அப்படியென்றால் சிரிக்கிறவர்களிடம் "அது ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்" என்றும் வாதாடலாம். அதுவும் பாதிதான். டி.ஆர்.2 ஒரு டன்னுக்கும் குறைவான எடை. எஸ்.டி.1 உடம்பு 1300 கிலோவுக்கும் மேல்.

ஒரு சின்னக் கணக்கு

எடையையும் திறனையும் வகுத்துப் பார்ப்போம். பிரிட்டன் வி8 காரில் ஒரு டன் எடைக்கு சுமார் 115 குதிரைத்திறன். ஸ்டாண்டர்ட் 2000-இல் எஞ்சின் திறன் 80-ஐ ஒட்டியது. டன்னுக்கு 60 சொச்சம். கிட்டத்தட்ட பாதி. இதை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் இங்கே வாங்குகிறவர் அதை யாரோடு ஒப்பிட்டிருப்பார்? அம்பாசடரோடு. அதில் 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். டன்னுக்கு 45 சொச்சம். தொடக்கத்தில் கான்டெஸாவுக்கும் அதே அம்பாசடர் எஞ்சின்தான், உடம்பு இன்னும் கனம். 118 என்.இ.-யும் 50-ஐ ஒட்டியதுதான். ஆக, அப்போது வந்த மூன்று சொகுசுக் கார்களில் அதிக சக்தி இருந்தது நாம் கிண்டல் செய்யும் ஸ்டாண்டர்ட் 2000-க்குத்தான். இது கிண்டலில் யாரும் சொல்லாத விஷயம்.

இன்னொன்று. பிரிட்டனிலேயே 1982-இல் எஸ்.டி.1-க்கு இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின் வைத்து விற்றார்கள். 1994 சிசி, 100 குதிரைத்திறன். கம்பெனிகள் ஊழியர்களுக்கு வாங்கித் தரும் காருக்கு அந்த அளவு தோதாக இருந்தது. அதனால் "அவ்வளவு பெரிய காரில் ரெண்டு லிட்டர் எஞ்சினா" என்பதும் செல்லாத வாதம்.

பிறகு எங்கே இடித்தது? சக்தியில் இல்லை, வயிற்றில். நாற்பதுகளின் டிசைன், கனமான இரும்பு. டிராக்டருக்கு அது பலம்: மெதுவான ஓட்டத்திலேயே இழுக்கும். டவுனிலும் ஹைவேயிலும் மாறி மாறி ஓடும் கனமான காருக்கு அது பெட்ரோல் செலவு. கம்பெனி சொன்ன மைலேஜும் ரோட்டில் கிடைத்த மைலேஜும் ஒத்துப்போகவில்லை என்ற புகார் அப்போதே பெரிதாக எழுந்தது. பக்கத்தில் ஒரு மாருதி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம். ஜப்பான் எஞ்சின் எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குக் கை பழகிவிட்டது. பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதயமா, சட்டையா?

இப்போது நான் சேர்த்து வைத்த துண்டுகளை ஒரு வரிசையில் வைக்கிறேன்.

ரோவர்: சொந்த உடம்பு, ப்யூக்கிடம் இரவல் எஞ்சின். பிழைத்தது. பிரிட்டனில் எஸ்.டி.1-க்கு அடுத்து 1986-இல் வந்த ரோவர் 800: மேல் மாடல்களுக்கு ஹோண்டாவின் வி6 எஞ்சின். ஓடியது. 118 என்.இ.: ஃபியட் உடம்பு, நிஸ்ஸானின் 1171 சிசி எஞ்சின். பல வருஷம் ஓடியது. கான்டெஸா: முதலில் அம்பாசடரின் பழைய எஞ்சின், தடுமாறியது. சில வருஷத்தில் இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினை வாங்கி வைத்தார்கள். மந்திரிகளும் தொழிலதிபர்களும் ஏற ஆரம்பித்தார்கள், 2002 வரை தாக்குப்பிடித்தது.

ஸ்டாண்டர்ட் 2000 மட்டும் தலைகீழ். உடம்பை வெளியில் வாங்கியது, எஞ்சினைச் சொந்தத்தில் வைத்துக்கொண்டது.

இது முட்டாள்தனமான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஆலையின் கண்ணால் பாருங்கள். உடம்புக்கு வேண்டியது தகடு அழுத்தும் அச்சுகள். ஓய்வு பெறப்போகும் காரின் அச்சுகள் மலிவாகக் கிடைக்கும், கப்பலில் ஏற்றிவிடலாம். எஞ்சின் அப்படி இல்லை. வார்ப்படம், கடைசல், பிஸ்டன் செய்பவர், பேரிங் செய்பவர், கார்புரேட்டர் செய்பவர் என்று ஒரு ஊரே அதன் பின்னால் இருக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்த ஊரைக் கட்டியெழுப்பி வைத்திருக்கிறோம், வெளிநாட்டுப் பணம் ஒரு பைசா வேண்டாம், பெருங்களத்தூர் ஆள்கள் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார்கள். அதைத் தூக்கிப் போடச் சொன்னால் எந்த நிர்வாகத்துக்கு மனசு வரும்? சுதேசி, இறக்குமதி மாற்று என்று அரசாங்கம் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவன் ஸ்டாண்டர்ட். பரீட்சையில் சிலபஸ் மாறிவிட்டது.

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேர் ஓடும். தேரில் சக்கரமும் அச்சும் அடித்தட்டும் வருஷா வருஷம் அதேதான். மேலே கட்டும் சாரமும் துணியும் அலங்காரமும்தான் புதுசு. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் புதுத் தேர். ஸ்டாண்டர்ட் 2000-உம் அந்த மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம்: தேர் நகரவில்லை என்றால் வடம் பிடிக்க இன்னும் ஆயிரம் பேர் வருவார்கள். காருக்கு நாலு சிலிண்டர்தான்.

சாஃப்ட்வேரில் இதே கதையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே முப்பது வருஷப் பழைய புரோகிராம் இருக்கும். அது தப்பே பண்ணாது, அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. மேலே பளபளவென்று புதுத் திரை போட்டு விடுவார்கள். திரை எவ்வளவு வேகமாக இருக்கும் என்று வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு ஏறும்; உள்ளே இருப்பது தன் பழைய வேகத்திலேயே போகும். பழைய திரையாக இருந்தவரை யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். புதுச் சட்டைதான் பழைய இதயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதே எஞ்சின் வேனுக்குள் இருந்தபோது யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லையே!

அப்புறம் என்ன ஆனது?

1988-இல் உற்பத்தி நின்றது. எஸ்.டி.1 உடம்பு உலகத்தில் கடைசியாகச் செய்யப்பட்ட இடம் பெருங்களத்தூர். பிரிட்டனில் மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகமாகச் செய்த கார், இங்கே சில ஆயிரத்தோடு முடிந்தது. ஸ்டாண்டர்ட் என்ற பெயரும் அதோடு உலகத்தை விட்டுப் போனது. தொழிற்சாலை வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கார் நின்றதை நாம் கிண்டலாகப் பேசுகிறோம். அங்கே பூட்டுவதற்கு மட்டுமே கை பழகியிருந்த தொழிலாளிக்கு அது வீட்டில் அடுப்பு எரியுமா எரியாதா என்ற கேள்வி. பிற்பாடு ஹூண்டாயும் ஃபோர்டும் சென்னைக்கு வந்து, இந்தியாவின் டெட்ராய்ட் என்று பேர் வாங்கிக் கொடுத்தன. அது நடக்கப் பத்து வருஷம் ஆனது. ஐம்பது வயதில் வேலை போனவருக்குப் பத்து வருஷம் என்பது மீதி சர்வீஸ் மொத்தமும்.

2006 வாக்கில் ஆலையில் மிஞ்சியிருந்ததைப் பிரித்தார்கள். பயன்படுத்தாமல் கிடந்த எஸ்.டி.1 உதிரி பாகங்களை வாங்க ஆள் வந்தது, அதுவும் இங்கிலாந்திலிருந்து. லிங்கன் நகரத்துப் பக்கம் ரிம்மர் பிரதர்ஸ் என்று பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் கம்பெனி மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. அங்கே எஸ்.டி.1 வைத்திருப்பவர்களுக்குத் துரு ஜென்ம விரோதி. புதுப் பாகம் எங்கேயும் கிடைக்காத நிலையில், மெட்ராஸ் சரக்கு அவர்களுக்குப் புதையல்.

அந்தக் கப்பலில் போனது உடம்புச் சாமான்கள். இன்றைக்கும் இங்கிலாந்தில் எங்கேயோ ஒரு ரோவர் வி8, பெருங்களத்தூர் பாகம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தகடுகளுக்குக் கடைசியில் ஏற்ற இதயம் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை யாராவது "ரோவர் உடம்புல டிராக்டர் எஞ்சின்" என்று ஆரம்பித்தால், சிரித்துவிட்டு மீதியையும் சொல்லுங்கள். அந்த டிராக்டர் தென் துருவம் வரை போனது, அதே எஞ்சின் ராலி ஜெயித்தது, 1985-இன் மூன்று சொகுசுக் கார்களில் சக்தி அதிகம் அதற்குத்தான் என்று. உங்கள் வீட்டுப் பரண் மேலே அந்தக் காரின் விளம்பரத் தாளோ சர்வீஸ் புத்தகமோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு மண்ணில் செய்த அந்தக் காருக்குத் தமிழில் ஒரு முழு வரலாறு இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.